டெலிபோனில் வளர்ந்த கவிதை

புதிதாக ஒரு பலகாரம் செய்கிறீர்கள். நாத்தனார் சொல்லிக் கொடுத்ததோ, பத்திரிகையில் படித்ததோ, எப்படியோ செய்து முடித்தாயிற்று. கிண்ணத்தில் வைத்துத் தட்டைப் போட்டு மூடிப் பக்கத்து வீட்டு மாமிக்குக் கொடுத்தனுப்புகிறீர்கள். சற்று நேரத்துக்கெல்லாம் கிண்ணம் திரும்பி வருகிறது. "ரொம்ப நன்றாக இருந்ததாம்" என்கிறான் பையன்.

உங்களுக்குத் திருப்திதானா? மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்! நன்றாக இருந்தது என்றால் எது நன்றாக இருந்தது? பாகு பதமா, வாசனையா? மாமி நிஜமாகவே ருசித்தாளா, அல்லது கிண்ணத்தைத் திருப்பும்போது சொல்ல வேண்டிய மரியாதை வார்த்தையைச் சொன்னாளா?

எதிர்வீட்டு அம்மாள் வேறு ரகம். "இதெல்லாம் உனக்கு எதற்கு? கடையில் வாங்கினால் ஆகாதோ?" என்பாள். அத்துடன் உங்கள் உற்சாகம் அடங்கிப் போகும்.

மூன்றாவதாக ஒருத்தி உண்டு. கையைத் துடைத்துக்கொண்டு அவளே நேரில் வருவாள். "ஏலக்காய் வாசனை அபாரம். ஆனால் பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. நாளைக்கு இன்னொரு தரம் செய், நானும் கூட நிற்கிறேன்" என்பாள். இப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரி நூற்றில் ஒருத்திக்குத்தான் வாய்ப்பாள்.

பலகாரத்துக்கே இந்தப் பாடு என்றால் கவிதைக்கு எப்படியிருக்கும்? பலகாரம் கெட்டால் போவது கால்படி மாவும் கொஞ்சம் சர்க்கரையும். கவிதையில் எழுதியவரின் மனசே அல்லவா தட்டில் வைத்து அனுப்பப்படுகிறது! அதைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் வேண்டும். சொல்லும் உண்மை ஆளை முறித்துவிடவும் கூடாது. இந்தக் கஷ்டமான வித்தையைப் பதினேழு வருஷ காலம் ஒருவருக்கொருவர் செய்துவந்த இரண்டு குடும்ப ஸ்திரீகளின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இருவரும் அமெரிக்கர்கள். ஒருவர் ஆன் செக்ஸ்டன். மற்றவர் மாக்ஸின் கியூமின்.

டாக்டர் சொன்ன மருந்து

பாஸ்டன் மாநகரை அடுத்து நியூட்டன் என்று ஓர் ஊர். வசதியான வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த இடம். 1950-களில் அங்கே வாழ்ந்த பெண்களின் தினசரி வாழ்க்கை நமக்கு ரொம்பப் புதிதாகத் தோன்றாது. கணவரை வேலைக்கு அனுப்புவது, குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, சமையல், சலவை, மறுபடியும் சமையல்!

ஆன் செக்ஸ்டன் 1928-ல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள். பார்க்க நல்ல அழகி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "இவளுக்கு என்ன குறை?" என்றுதான் கேட்டிருப்பார்கள். ஆனால் குழந்தைகள் பிறந்த பிறகு ஆனைக் கடுமையான மனநோய் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து சிகிச்சை பெற வேண்டியதாயிற்று. உயிரையே வெறுத்துவிட்ட நாட்களும் உண்டு. சிகிச்சை செய்த டாக்டர் மருந்து மாத்திரையோடு நிற்கவில்லை. "ஏதாவது எழுதிப் பாருங்களேன்" என்றார்.

1956-ஆம் வருஷக் கடைசியில் ஒரு நாள் டெலிவிஷனில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் பேராசிரியர் கவிதையைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 'சானெட்' என்ற பதினாலு வரிக் கவிதை எப்படிக் கட்டப்படுகிறது என்று விளக்கினார். ஆன் பார்த்துக்கொண்டிருந்தார். இது நம்மாலும் முடியும் போலிருக்கிறதே என்று தோன்றியது. உட்கார்ந்து எழுதினார். அப்புறம் எழுதுவது நிற்கவே இல்லை.

எழுதியதை யாரிடம் காட்டுவது? டாக்டரிடம் காட்டலாம், ஆனால் டாக்டர் நோயாளியின் மனத்தைப் பார்ப்பாரே தவிர, வரியின் நீளத்தைப் பார்க்க மாட்டார். பாஸ்டனில் வயது வந்தோர் கல்வி நிலையம் ஒன்றில் ஜான் ஹோம்ஸ் என்னும் கவிஞர் மாலை வகுப்பு நடத்திவந்தார். 1957-ல் ஆன் அதில் சேர்ந்தார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. அண்டை வீட்டுத் தோழி ஒருவர் துணைக்கு வந்து கொண்டுபோய் விட்டார்!

ஐந்து டாலர் கவிதை

அதே வகுப்பில் மாக்ஸின் கியூமினும் உட்கார்ந்திருந்தார். இவர் ஆனைவிட மூன்று வயது மூத்தவர். மூன்று குழந்தைகளுக்குத் தாயார். ஆன் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். மாக்ஸினோ பெயர் பெற்ற ராட்கிளிஃப் கல்லூரியில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். இத்தனை படித்தவருக்கு மாலை வகுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது.

பதினேழு வயதில் கல்லூரியில் காலெடுத்து வைத்ததும், தாம் எழுதிய கவிதைகளை ஓர் ஆசிரியரிடம் ஆசையோடு கொடுத்திருந்தார் மாக்ஸின். கவிதை எழுதும் வேலையே உனக்கு வேண்டாம் என்ற பொருளில், கேலியாக ஒரு வரி எழுதி அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு, எப்படித் திருத்தலாம் என்ற பேச்சே இல்லை. அவ்வளவுதான், பல வருஷங்களுக்கு மாக்ஸின் கவிதைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரு வரி விமரிசனம் என்ன செய்யும் பாருங்கள்!

மூன்றாவது குழந்தை வயிற்றில் இருந்த சமயம். வேடிக்கைப் பாட்டு எழுதுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகம் ஒன்றை 3 டாலர் 95 செண்டு கொடுத்து வாங்கினார். குழந்தை பிறப்பதற்குள் ஒரு பாட்டையாவது விற்க வேண்டும். முடியாவிட்டால் இந்த ஆசையையே மூட்டைகட்டி வைத்துவிட வேண்டும் என்று தமக்குத் தாமே சபதம் செய்துகொண்டார். 1953-ல் 'கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர்' பத்திரிகை அவருடைய நாலு வரிப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஐந்து டாலர் அனுப்பியது. புத்தகத்தின் விலை போக ஒரு டாலர் ஐந்து செண்டு லாபம்! சபதம் நிறைவேறியது, குழந்தையும் பிறந்தது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். பெரிய பத்திரிகை ஒன்று அவருடைய பாட்டைப் பிரசுரிக்க முன்வந்தபோது, அது அவரே சொந்தமாக எழுதியதுதான் என்று அத்தாட்சி கேட்டது. அத்தாட்சி யார் கொடுப்பது? அவருடைய கணவர் வேலை பார்த்த இடத்து முதலாளி! பாட்டு எழுதியவர் மனைவி. நற்சான்று கொடுப்பவர் கணவரின் எஜமான். அந்தக் காலத்து அமெரிக்காவில் எழுதும் பெண்களின் நிலைமை இப்படித்தான் இருந்தது.

நல்ல மனசும் தப்பான யோசனையும்

வகுப்பு முடிந்த பிறகும் சிலர் விடுவதாக இல்லை. ஹோம்ஸ், ஆன், மாக்ஸின், இன்னும் இரண்டு ஆண் கவிஞர்கள் ஆக ஐந்து பேர் முறை வைத்து ஒருவர் வீட்டில் மற்றவர்கள் கூடினார்கள். எழுதிக்கொண்டு வந்ததைப் படிப்பது, மற்றவர்கள் அக்குவேறு ஆணிவேறாக அலசுவது, இதுதான் நிகழ்ச்சி. அலசல் சில சமயம் சண்டையாகவே முடியும். ஆனால் எல்லாரும் அடுத்த தடவை புதுக் கவிதையோடு வந்துவிடுவார்கள்.

ஜான் ஹோம்ஸ் நல்ல மனிதர். மாக்ஸினுக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பகுதி நேர ஆசிரியை வேலை கிடைக்க உதவியவர் அவரே. ஆனால் ஆன் எழுதிய விஷயம் அவருக்குப் பிடிக்கவில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருந்த அநுபவத்தை, வீட்டுக்குள் மூடி வைக்க வேண்டிய சங்கதிகளை, ஒரு பெண் இப்படிப் பச்சையாகக் கவிதையில் எழுதலாமா? பின்னால் வருத்தப்பட நேரும். புத்தகமாகப் போட வேண்டாம் என்று 1959-ல் அவர் ஆனுக்கு எழுதினார். அதோடு ஆனின் சிநேகம் நல்லதல்ல என்று மாக்ஸினையும் எச்சரித்தார்.

நல்லெண்ணத்தோடு சொன்னதுதான்; சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். "இந்த வரி சரியாக அமையவில்லை" என்பது கவிதையைப் பற்றிய பேச்சு. "இதை நீ எழுதவே கூடாது" என்பது எழுதுகிறவரின் வாயை மூடும் பேச்சு. ஆன் என்ன செய்தார் தெரியுமா? ஹோம்ஸுக்குப் பதிலாக ஒரு கவிதையே எழுதி, 1960-ல் வந்த தம் முதல் புத்தகத்தில் அதையும் சேர்த்துவிட்டார்!

நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் மாக்ஸின். ஒரு பக்கம் வேலை வாங்கிக் கொடுத்த குரு. இன்னொரு பக்கம் தோழி. அவர் குருவைப் பகைத்துக்கொள்ளவில்லை, தோழியையும் விடவில்லை. தங்கள் கூட்டுறவு எவ்வளவு நெருக்கமானது என்பதைத் தொடக்கத்தில் இருவரும் வெளியில் அதிகம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

விசில் சத்தம்

இனிமேல்தான் கதையின் ரஸமான கட்டம். வீட்டுக் காரியங்களை விட்டுவிட்டு நினைத்தபோது ஓடிப் பேசிவிட முடியுமா? ஆகையால் டெலிபோனைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கணவன்மார், ஐந்து குழந்தைகள், எல்லாருக்கும் டெலிபோன் வேண்டுமே! எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? எனவே இரண்டு வீட்டிலும் தனியாக இரண்டாவது டெலிபோன் போட்டுக்கொண்டார்கள். அது கவிதைக்கென்றே ஏற்பட்ட டெலிபோன்!

ஒரு தடவை கூப்பிட்டால் மணிக்கணக்கில் அந்த இணைப்பை வைக்க மாட்டார்கள். ரிஸீவர் மேஜைமேல் கிடக்கும். நடுவில் ஒருத்தி எழுந்து போய் அடுப்பில் கொதிப்பதைக் கிளறிவிட்டு வருவாள். இன்னொருத்தி சலவைத் துணியை மாற்றிப் போட்டுவிட்டு வருவாள். அல்லது புதிதாகத் தோன்றிய உவமையை டைப்ரைட்டரில் தட்டிப் பார்ப்பாள். வேலை முடிந்ததும் ரிஸீவருக்குள் ஒரு விசில்! மறுமுனையில் தோழி ஓடி வருவாள். விட்ட இடத்திலிருந்து கவிதைப் பேச்சு தொடரும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. டெலிபோனில் காகிதத்தைக் காட்ட முடியாது அல்லவா? கவிதையைக் காதால்தான் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு, வரி எங்கே முடிகிறது, எந்த இடத்தில் மூச்சு நிற்கிறது, எந்தச் சொல் இடறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே சொல்லும் பழக்கம் இருவருக்கும் வந்துவிட்டது.

குப்பைக் கூடையிலிருந்து

இருவரும் ஒரே மாதிரி எழுதினார்களா என்றால், இல்லவே இல்லை. ஆனின் கவிதை புயல். நோய், பயம், தாய், மகள், மரணம் என்று உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டும். மாக்ஸினின் கவிதை வரப்பு கட்டிய வயல். குதிரை, காய்கறித் தோட்டம், மலைநாட்டு மழை, அளந்து வைத்த சந்தம். பதினேழு வருஷம் தினந்தோறும் ஒருவர் கவிதையை மற்றவர் திருத்தியும், ஒருவர் குரல் மற்றவர் குரலோடு கலந்துவிடவில்லை. இதுதான் இந்தக் கதையின் ஆச்சரியம் என்பேன்.

இது எப்படி முடிந்தது? தாம் அந்தக் கவிதையை எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. அவள் என்ன சொல்லப் பார்க்கிறாள், அது வந்துவிட்டதா என்றே கேட்டார்கள். வேண்டாத சொல்லை வேண்டாம் என்று தயங்காமல் சொன்னார்கள். வேறு சொல் தோன்றினால் எடுத்துக் கொடுத்தார்கள். எடுப்பதும் விடுப்பதும் எழுதியவள் இஷ்டம்.

ஒரு சமயம் ஆன், தம் டாக்டரைப் பற்றி விளையாட்டுப் பாட்டுப் போல ஏதோ எழுதினார். எழுதியது அவருக்கே பிடிக்காமல் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டார். மாக்ஸின் அதை எடுத்துப் பார்த்தார். "இதை எறியாதே, இதில் விஷயம் இருக்கிறது" என்று வற்புறுத்தினார். மேற்கொண்டு வேலை செய்ததில் அது முழுக் கவிதையாயிற்று. 'வாழ் அல்லது சாவு' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட புத்தகத்தில் அது இடம் பெற்றது. அந்தப் புத்தகத்துக்குத்தான் 1967-ல் ஆனுக்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது!

சொந்தக் கவிதையைக் குப்பையில் போடுவது சுலபம். அன்றைய மனநிலை போதும். அதை எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கத்தான் இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

'கிரிம்' சகோதரர்களின் பழைய தேவதைக் கதைகளை வைத்து ஆன் கவிதை எழுதத் தொடங்கியபோதும், நிறுத்தாதே, புத்தகமாகும் வரை எழுது என்று ஊக்கியவர் மாக்ஸின்தான். அந்தப் புத்தகம் 1971-ல் வெளிவந்தது. மாக்ஸின் குடும்பத்தார் 1963-ல் நியூ ஹாம்ப்ஷயர் மலைநாட்டில் பழைய பண்ணை ஒன்றை வாங்கியிருந்தார்கள். அந்த மண்ணிலிருந்து விளைந்த கவிதைகளுக்காக 1973-ல் மாக்ஸினுக்கும் அதே புலிட்ஸர் பரிசு கிடைத்தது. இரண்டு தோழிகள், இரண்டு டெலிபோன்கள், இரண்டு பரிசுகள்!

இதற்கிடையில் 1961-ல் ராட்கிளிஃப் கல்லூரித் தலைவி மேரி பன்ட்டிங் அம்மையார் ஒரு புதுமை செய்தார். குடும்பப் பொறுப்பினால் படிப்பும் கலையும் தடைப்பட்ட பெண்களுக்கு உதவிப் பணமும் உட்கார்ந்து வேலை செய்ய இடமும் தரும் ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினார். டாக்டர் பட்டம், அல்லது அதற்குச் சமமான சாதனை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் கோஷ்டியிலேயே ஆனும் மாக்ஸினும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பட்டம் இல்லாமல் கலையினால் வந்து சேர்ந்த சிலர் தங்களை 'சமமானவர்கள்' என்று வேடிக்கையாக அழைத்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்காக இருவரும் சேர்ந்து நாலு புத்தகங்களும் எழுதினார்கள்.

அக்டோபர் 4

வாசகர்களே, கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் வாழ்க்கை நம் தொடர்கதை ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? பெயரும் புகழும் வந்தபோதும் ஆனின் நோய் அவரை விடவில்லை. வருஷா வருஷம் முற்றியது. 1974-ஆம் வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி, ஆன் மாக்ஸினோடு மத்தியானம் சாப்பிட்டார். இருவருமாக ஆனின் அடுத்த புத்தகத்தின் அச்சுப் பிரதிகளைத் திருத்தினார்கள். வேலை முடிந்தது. விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போன ஆன், அன்றே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டுவிட்டார். வயது நாற்பத்தைந்து.

கவிதை அவரைக் காப்பாற்றவில்லையே, தோழியின் அன்பும் காப்பாற்றவில்லையே என்று உங்கள் மனம் வேதனைப்படும். உண்மைதான். மனநோய்க்கு வைத்தியம் வேண்டும். சிநேகிதத்தை மட்டும் நம்பி அதை விட்டுவிட முடியாது. எவ்வளவு நெருங்கிய சிநேகிதியாலும் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. ஆனால் 1956-ல் உயிரே வேண்டாம் என்றிருந்த ஒரு பெண், அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் வாழ்ந்து, புத்தகம் புத்தகமாக எழுதி, பெண்களின் சொல்லாத துயரங்களுக்குக் கவிதையில் இடம் பிடித்துத் தந்தாரே! அந்த வருஷங்களில் பெரும்பாலும் மறுமுனையில் ஒரு குரல் இருந்தது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியுமா?

மாக்ஸின் தம் பங்கை அதன் பிறகும் விடவில்லை. 1981-ல் ஆனின் கவிதைகள் அனைத்தும் ஒரே தொகுதியாக வந்தபோது முன்னுரை எழுதியவர் அவரே. விசில் அடித்த கதையையும் அதில் மறைக்காமல் சொன்னார். அதே வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் கவிதை ஆலோசகராக நியமனம் பெற்றார். இன்று அரசவைக் கவிஞர் என்ற பெயரில் வழங்கும் பதவி அது. பண்ணையில் குதிரைகளோடும் கவிதைகளோடும் வாழ்ந்து, 2014-ல் தம் எண்பத்தெட்டாவது வயதில் மறைந்தார்.

முதலாளியிடம் நற்சான்று வாங்கிப் பாட்டுப் பிரசுரித்த பெண்மணி எங்கே, தேசத்தின் கவிதை ஆலோசகர் எங்கே! இடையில் இருந்த தூரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காலத்தில் ஒரே ஒரு கேலி வரி அவரை நிறுத்தி வைத்தது. பிறகு ஆயிரம் திருத்தங்கள் அவரை நடக்க வைத்தன. கேலி செய்த ஆசிரியர் கவிதையை முழுசாகத் தள்ளினார். தோழியோ ஒரு சொல்லைத்தான் தள்ளினாள். மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது எழுதிக்கொண்டிருக்கலாம். மகளோ, மருமகளோ, மச்சினரோ, ஏன், சமையலறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்களேயோகூட! என்றைக்காவது ஒருவர் தயங்கித் தயங்கி உங்களிடம் ஒரு காகிதத்தை நீட்டினால், "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடாதீர்கள். "இதெல்லாம் எதற்கு?" என்றும் கேட்டுவிடாதீர்கள். அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். முழுவதும் கேளுங்கள். பிறகு, "அந்த இரண்டாவது வரியை இன்னொரு தரம் படி, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

படிக்கிறவர் முகத்தை அப்போது பாருங்கள்!